அறுபதைத் தாண்டாத வண்டி

மதுரையிலிருந்து தெற்கே வரும் நான்குவழிச் சாலையில் திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டி விருதுநகருக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது வாசம்தான். மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு, நல்லெண்ணெய் எல்லாம் கலந்த வாசம். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. பெரிதாக எதுவும் விளையாது. ஆனால் எங்கெங்கோ விளைந்ததற்கு இங்கே உட்கார்ந்து விலை சொல்வார்கள். அந்தப் பெருமை ஊர்க்காரர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. காமராஜர் பிறந்த ஊர், எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்குப் பேர்போன ஊர் என்றெல்லாம் சொல்லலாம். எனக்கென்னவோ இது லாரிகளின் ஊர் என்றுதான் முதலில் தோன்றும். பஜாருக்குள் திரும்ப முடியாமல் திணறும் லாரி, எடை மேடை வாசலில் வரிசை கட்டும் லாரி, டீக்கடை ஓரத்தில் தார்ப்பாய் இறுக்கும் லாரி.

ஆடி பிறந்துவிட்டால் இந்தக் கூட்டத்தோடு இன்னொரு வகை லாரியும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்கே 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வழியாக வருகிற வண்டிகள் அவை. நான்கு பக்கமும் தார்ப்பாய் இறுக்கியிருக்கும். பின்னால் சாய்த்து வைத்த சதுரமாக ஆரஞ்சு நிறப் பலகை, அதில் கறுப்பு எழுத்தில் 1.4 என்ற எண். சில வண்டிகளில் புதுப் பெயின்ட் பளிச்சென்று இருக்கும். சிலவற்றில் வெயிலும் மழையும் தின்றதுபோக மிச்சம்தான் இருக்கும்.

உள்ளே இருப்பது பட்டாசு. உங்கள் தெருமுனைக் கடைக்கு வருவதும், பாட்னாவில் ஒரு குழந்தை கொளுத்தப் போவதும் இந்த வண்டிகளில்தான் போகின்றன. சிவகாசி என்றால் ஆலை விபத்துதான் செய்தியாகிறது. ஆலை வாசலைத் தாண்டிய பிறகு அந்தச் சரக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் இந்த முறை அந்தப் பக்கம் போனேன்.

ரயில் நிற்கும், பட்டாசு ஏறாது

சிவகாசியின் பெயருக்கு ஒரு கதை உண்டு. காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்த பாண்டிய மன்னனின் பசு இந்த இடத்தில் நின்றுவிட்டதாம், அதற்கு மேல் ஓரடி வைக்கவில்லையாம். லிங்கம் இங்கேயே அமர்ந்தது. அன்று வடக்கேயிருந்து ஒன்று வந்து நின்ற ஊரிலிருந்து, இன்று வடக்கே ஓயாமல் சரக்கு போய்க்கொண்டிருக்கிறது.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. வறண்ட காற்று, குறைந்த மழை என்று விவசாயிக்குச் சாபமாக இருந்ததெல்லாம் மருந்து காயவைப்பவருக்கு வரமானது. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில்தான் ஆகிறது என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

இவ்வளவு சரக்கும் எப்படிப் போகிறது? சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியில் நின்றுதான் போகிறது. ஆனால் ஒரு மத்தாப்புப் பெட்டியைக்கூட அதில் நீங்கள் எடுத்துப்போக முடியாது. ரயில்வே சட்டம் 1989-ன் 164-வது பிரிவுப்படி, அபாயகரமான பொருளை ரயிலில் கொண்டுபோனால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தீபாவளி நேரத்தில் ஸ்டேஷன் ஒலிபெருக்கி இதைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஆக, மிச்சமிருப்பது சாலைதான். பட்டாசு நாடெங்கும் போவது லாரி ஓட்டுநரின் கையில்.

மூன்று நாள் வகுப்பு

சிவகாசிக்கு வெளியே ஒரு டிரான்ஸ்போர்ட் ஷெட். சாத்தூர்ப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் கேபினிலிருந்து பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆர்.சி., எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, சரக்கு பில், இ-வே பில் எல்லாம் வரிசையாக இருந்தன. இவை எந்த லாரியிலும் இருப்பவைதான். கடைசியில் இருந்த இரண்டுதான் இந்த வண்டியை வேறுபடுத்துகின்றன.

ஒன்று, அவருடைய லைசென்ஸ். அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டியை ஓட்ட சாதாரண கனரக லைசென்ஸ் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 9-வது விதிப்படி 3 நாள் பயிற்சி முடித்துச் சான்று வாங்கி, அதை லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். எச்சரிக்கையாக ஓட்டுவது, வண்டியை எடுக்கும் முன் என்னென்ன பார்ப்பது, ஏற்றிய சரக்கின் குணம் என்ன, தீப்பிடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் அதில் சொல்லித் தருகிறார்கள். முன்பு இந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். 2019 சட்டத் திருத்தம் அதை 3 ஆண்டாக்கியது. புதுப்பிக்க ஒரு நாள் வகுப்பு.

"மூணு நாள் பாடம் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"உக்காந்து கேக்கத்தான் கஷ்டம் தம்பி. ஆனா ஒண்ணு சொல்லணும். இருபது வருசமா பட்டாசு ஓட்டுறேன். உள்ள தீப்பிடிச்சா அணைக்க நிக்காத, ஓடிப்போயி ரோட்ட மறின்னு அங்கதான் மொதல்ல சொன்னாங்க. அதுவரைக்கும் அணைக்கணும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மூன்று நாள் வகுப்பில் இந்த ஒரு வரிக்காகவே உட்காரலாம். டயரிலோ இன்ஜினிலோ சின்னதாகப் புகைந்தால் தீயணைப்பான் உதவும். தீ சரக்கைத் தொட்டுவிட்டால் கதை வேறு. பட்டாசு மருந்துக்குள்ளேயே எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுக்கும் வெடியுப்பு இருக்கிறது. மண் போட்டு மூடினாலும் போர்வை போட்டு அமுக்கினாலும் உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும். அங்கே ஆளை விலக்குவதுதான் வேலை.

ஃபைலில் இருந்த இரண்டாவது தாள் இதைத்தான் எழுத்தில் சொல்கிறது. டிரெம் கார்டு என்கிறார்கள். என்ன சரக்கு, என்ன ஆபத்து, சிந்தினால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன, யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் இருக்கும். இந்த விவரங்களை ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டியது சரக்கை அனுப்புபவரின் பொறுப்பு. புரியவைத்து அனுப்புவது வண்டி உரிமையாளரின் பொறுப்பு. கேபினிலேயே வைத்திருப்பது ஓட்டுநரின் பொறுப்பு. விபத்து நடந்தால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் உரிமையாளருக்கும் உடனே சொல்ல வேண்டியதும் அவர்தான். இதையெல்லாம் மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அவர் வண்டியில் இருந்த தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனால் தீப்பிடித்த நேரத்தில் யார் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்பார்கள்? லேபிள் அச்சடித்தே பேர் வாங்கிய ஊரில், இந்த ஒரு தாளைத் தமிழிலும் இந்தியிலும் அச்சடிப்பது பெரிய காரியமா என்ன?

இனி வேகம். சாதாரண லாரிக்கு ஸ்பீடு கவர்னர் 80 கிலோமீட்டரில் பூட்டப்படும். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு, பள்ளிப் பேருந்துக்கும் டேங்கருக்கும் போலவே, 60 கிலோமீட்டர்தான். சைலன்சரிலிருந்து பொறி பறக்காதபடி ஸ்பார்க் அரெஸ்டர் என்ற கூடும் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவகாசியிலிருந்து டெல்லி 2,500 கிலோமீட்டருக்கு மேல். 60-ஐத் தாண்டாத வண்டி, சுங்கச்சாவடி, மலைப்பாதை, ஊர் நெரிசல் எல்லாம் போகச் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். அப்படியென்றால் ஸ்டியரிங் பிடித்த நேரம் மட்டும் 62 மணிக்கு மேல். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961-ல் வந்த சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. அந்தக் கணக்கில் ஒருவரே ஓட்டினால் 8 நாள், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் 4 நாள். வடக்கே இருக்கும் வியாபாரி போனில் எத்தனை நாள் கொடுக்கிறார் என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார், பதில் சொல்லவில்லை.

2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. வெயிலில் நாக்பூரைத் தாண்டுபவருக்கு அது சொகுசு இல்லை. வியர்த்துக் களைத்த ஆள்தான் ஸ்டியரிங்கில் கண்ணயர்கிறார். ஆனால் பழைய வண்டிகளெல்லாம் ஓய்ந்து புது வண்டிகள் இந்தப் பாதைக்கு வருவதற்குப் பல தீபாவளிகள் ஆகும்.

சூடம் இல்லாத பூஜை

நெடுந்தூரம் கிளம்பும் லாரிக்கு முன்னால் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்புவது நம் வழக்கம். இங்கே எலுமிச்சை உண்டு, சூடம் கிடையாது. லோடு ஏற்றும் முன்பே இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு மாலை போட்டுவிடுகிறார்கள். ஊதுபத்தியும் இல்லை. பீடி, சிகரெட் வண்டிக்குள் மட்டுமல்ல, பக்கத்திலும் கூடாது. குடித்தவரும் 18 வயது நிரம்பாதவரும் வெடிபொருளைத் தொடக்கூடாது என்று வெடிபொருள் விதிகள் 2008 சொல்கின்றன.

இன்னொரு விஷயம் ஓட்டுநர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. வடக்கே போகும் நம்மூர் ஓட்டுநர்கள் கேபினில் ஸ்டவ், அரிசி, புளி எல்லாம் வைத்துக்கொண்டு ரோட்டோரம் சமைத்துச் சாப்பிடுவார்கள். படிக்காசு மிச்சம், வயிற்றுக்கும் நல்லது. பட்டாசு வண்டியில் அது முடியாது. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. படி மட்டும் அதே படி.

கடைக்குப் போனாலும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் போக முடியாது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தை விட்டுத் தள்ளி நிறுத்த வேண்டும், பக்கத்தில் பொறுப்பான ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவர் பரோட்டா சாப்பிட்டு வரும்வரை மற்றவர் வண்டியோடு நிற்பார். கிளீனர் இருந்த காலத்தில் இது சிரமமில்லை. கிளீனரே இல்லாமல் ஓட்டுநர் மட்டும் போகும் வண்டிகள் இப்போது எங்கும் பெருகிவிட்டன. வாடகை கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். ஒரே ஆள் போகும் பட்டாசு வண்டியில் அவர் கழிப்பறைக்குப் போனால்கூட விதி மீறியவராகிவிடுவார். இரண்டாவது ஆளின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காத வாடகையைப் பேசி முடித்துவிட்டு, ஓட்டுநரைப் பார்த்து விதியைக் கடைப்பிடி என்று சொல்வது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

ஓடும்போது லாரி கவிழும், மோதும் என்றுதான் நமக்குப் பயம். ஆனால் பெரிய சாவுகளைப் பார்த்தால் வண்டி நின்றுகொண்டிருந்தபோது நடந்தவை கண்ணில் அறைகின்றன.

2016 அக்டோபர் 20. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. சிவகாசி பைபாஸ் ரோட்டில் ஒரு கிடங்கிலிருந்து வண்டியில் பட்டாசு ஏற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. பக்கத்திலேயே ஒரு ஸ்கேன் மையம். புகை அதற்குள் புகுந்தது. பட்டாசோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், ஸ்கேன் எடுக்கவும் கூட வந்தவர்களாகவும் அங்கே வேலை செய்பவர்களாகவும் இருந்தவர்கள் மூச்சுத் திணறினார்கள். எட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

2023 அக்டோபர் 7. ஓசூரைத் தாண்டியதும் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி. வண்டியிலிருந்து கடைக்குப் பட்டாசு இறக்கும்போது தீ பற்றியது. 14 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தீபாவளிச் செலவுக்குக் கொஞ்சம் காசு சேர்க்கலாம் என்று வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் அவர்களில் பலர்.

லோடு ஏற்றுவதைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தேன். நல்ல இடத்தில் அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. செல்போன்கள் ஷெட்டுக்கு வெளியே ஒரு கூடையில். பெட்டி கைக்குக் கை மாறும், வீசமாட்டார்கள். கொக்கி போட்டு இழுக்கமாட்டார்கள், தரையில் தேய்க்கமாட்டார்கள். லாரிக்குள் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, முந்தைய லோடின் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று முதலில் ஒருவர் ஏறிப் பார்க்கிறார். ஒரு பெட்டியின் அடி கிழிந்து லேசாகச் சாம்பல் நிறத் தூள் தெரிந்தது. உடனே அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள்.

"ஒரு பெட்டிதானே அண்ணாச்சி, டேப் ஒட்டி ஏத்தலாமே?" என்று பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் கேட்டேன்.

"டெல்லி வரைக்கும் குலுங்கிக்கிட்டே போகும் தம்பி. அந்தத் தூளு பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல நின்னுக்கிட்டா?"

அவர் கேள்வியாகவே விட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு பதில் இருக்கிறது. 1989 மார்ச் 22 அன்று பீட்டர்பரோ நகரின் தொழிற்பேட்டை ஒன்றுக்குள் சுமார் 800 கிலோ வெடிபொருளோடு ஒரு வண்டி நுழைந்தது. அதில் வாணவேடிக்கைத் தயாரிப்பாளருக்குப் போக வேண்டிய சின்னச் சின்னப் பற்றவைப்பு முனைகளும் இருந்தன. அவற்றை அனுமதியில்லாத விதத்தில் அடைத்திருந்தார்கள். வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அந்தக் குலுக்கல் போதுமானதாக இருந்தது. முதலில் தீ, சில நிமிடங்களில் மொத்த வண்டியும் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டே பிரிட்டன் சாலையில் வெடிபொருள் கொண்டுபோவதற்குப் புது விதிகள் கொண்டுவந்தது.

திருத்தங்கலிலிருந்து சிவகாசிக்குள் வருவதற்குள் எத்தனை வேகத்தடை என்று எண்ணிப் பார்க்க நினைத்து, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

ஆரஞ்சுப் பலகையில் இருக்கும் 1.4 என்ற எண்ணுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. உலகெங்கும் வெடிபொருளுக்கு முதல் வகுப்பு. அதன் நான்காவது பிரிவு என்றால், எங்கேயாவது பற்றிக்கொண்டாலும் பாதிப்பு பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும் என்று பொருள். அதற்குக் கீழான எண்கள் அதைவிட ஆபத்தானவை. 1.3 என்றால் பெருந்தீ, 1.1 என்றால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடியது. இந்த எண் பட்டாசுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை, பட்டாசும் பெட்டியும் சேர்ந்த பொட்டலத்துக்குக் கொடுக்கப்படுவது. அதே பட்டாசைப் பிரித்துச் சாக்கில் கொட்டினால் அது 1.4 இல்லை. அந்தப் பழுப்பு நிற அட்டைப்பெட்டிதான் இந்தச் சரக்கின் முதல் பாதுகாப்புக் கருவி. மேஸ்திரிக்கு இந்த எண் தெரியாது. விஷயம் தெரிந்திருக்கிறது.

பெட்டியின் மேல் எழுதாத பெயர்

இதுவரை சொன்னது முறையாகப் போகும் வண்டிகளின் கதை. என்னைக் கேட்டால், பலகையும் தாளும் உள்ள லாரியைவிட, பலகை இல்லாமல் பட்டாசு போகும் வண்டிதான் பயப்பட வேண்டியது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் கொடுத்த தீர்ப்பில், இணையதளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது என்று தடை விதித்தது. பேரியம் உப்புகளுக்கும் அதே தீர்ப்பில்தான் தடை. ஆனாலும் ஆவணி, புரட்டாசி ஆனால் உங்கள் போனுக்கும் என் போனுக்கும் 'சிவகாசி நேரடி விலை' என்று விளம்பரம் வருகிறது. வாட்ஸ்ஆப்பில் விலைப்பட்டியல், கண்ணைக் கவரும் தள்ளுபடி, 'பார்சலில் வந்துவிடும்' என்ற வாக்குறுதி.

எந்தப் பார்சலில்? துணி மூட்டை, பெயின்ட் டப்பா, மோட்டார் உதிரிபாகம் ஏற்றும் அதே லாரியில்தான். ஆம்னி பஸ் டிக்கியில் என்றால் மேலே நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பெட்டியின் மேல் பட்டாசு என்று எழுதினால் எடுக்கமாட்டார்கள், அதனால் வேறு ஏதாவது எழுதப்படுகிறது. அந்த வண்டியின் ஓட்டுநர் மூன்று நாள் வகுப்புக்குப் போனவர் இல்லை. அவர் கேபினில் டிரெம் கார்டு இல்லை. வண்டியில் ஸ்பார்க் அரெஸ்டரும் இல்லை. பின்னால் ஏதோ புகைகிறது என்று அவர் இறங்கிப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். தீயணைப்பு வண்டி வந்தாலும் உள்ளே துணி என்று நினைத்து நெருங்கிப் போவார்கள். என்ன சரக்கு என்று உண்மையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி ஏன் எல்லா விதிகளுக்கும் முன்னால் வருகிறது என்பது அப்போதுதான் புரிகிறது. மற்ற எல்லாப் பாதுகாப்பும் அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

சிவகாசியில் நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கு இதில் கோபம் இருக்கிறது. முறையான வண்டிக்கு முறையான வாடகை கொடுத்து அனுப்புபவரின் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பெயர் மாற்றிப் பார்சலில் போடுபவர் அதைவிடக் குறைத்துக் கொடுப்பார். நாம் குறைந்த விலையைத்தான் முதலில் பார்க்கிறோம். இப்படி எத்தனை பெட்டி போகிறது என்பதற்குக் கணக்கு ஏது? கணக்கில் வராமல் இருக்கத்தானே அந்த வழி.

நம் வீட்டு இருசக்கர வாகனமும் பட்டாசு வண்டிதான். 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பத்தில் ஓர் அப்பா நாட்டு வெடி மூட்டைகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனார். கூடவே 7 வயது மகன். போகும் வழியிலேயே வெடித்து இருவரும் இறந்தார்கள். பெட்டி இல்லை, பிரிவு எண் இல்லை, நெருக்கி வைத்த மூட்டையும் குலுக்கலும் சூடும்தான். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுச் சிவகாசிக் கடைகளில் தீபாவளி விற்பனை தொடங்குகிறது. குடும்பத்தோடு வந்து வாங்கிப்போகிறவர்கள் ஏராளம். போகிற வழியில் சாத்தூர்க் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் சேரும். அதில் தப்பில்லை. கடைக்காரர் கட்டிக்கொடுத்த பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பதும், காருக்குள் யாரும் சிகரெட் பற்றவைக்காமல் இருப்பதும், வெயிலில் பூட்டிய காரில் பெட்டியை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் மூன்று மணி நேரம் போகாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

வழியில் ஆரஞ்சுப் பலகை போட்ட லாரி ஓரமாக நின்று, அதிலிருந்து புகை வந்தால், காரை நிறுத்தி வீடியோ எடுக்காதீர்கள். சிதறிக் கிடக்கும் பெட்டியை எடுக்கவும் போகாதீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் தீப்பிடித்தபோது உள்ளே வேலை செய்தவர்கள் மட்டும் சாகவில்லை. உதவப் போனவர்களும் என்ன என்று பார்க்கப் போனவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். தள்ளிப் போய் 112-க்குப் போன் செய்து, பலகையில் இருக்கும் எண்ணைச் சொன்னால் போதும். வருகிறவர்களுக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துவிடும்.

மாலை ஐந்து மணி வாக்கில் அண்ணாச்சியின் வண்டிக்கு லோடு முடிந்தது. தார்ப்பாய் மேல் தார்ப்பாய், கயிறு, அப்புறம் ஆரஞ்சுப் பலகை. பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். கூட இன்னொரு ஓட்டுநரும் ஏறினார். இந்த டிரிப்புக்கு இரண்டு பேர்.

திரும்பி வரும்போது என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். வெங்காயம் கிடைத்தால் வெங்காயம் என்றார். சரக்கை இறக்கியதும் பலகையைக் கழற்றிவிடுவாராம். பட்டாசு இல்லாத வண்டியில் அந்தப் பலகை இருந்தால் அதுவும் பொய்தானே என்றார். அப்புறம் லாரித் தளத்தைப் பலகை இடுக்கு விடாமல் ஈரத் துடைப்பத்தால் கூட்டுவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்குமாம். காய்ந்த துடைப்பம் கூடாது, தேய்ப்பு ஆகாது. அந்த ஈரத் துடைப்பத்தையும் ஒரு பழைய பெயின்ட் வாளியையும் கேபினுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.